பதியாத மணத்துக்கும் விவாகரத்துக் கட்டளை வேண்டுமா?

கோண்டாவில் வாசி:
என் அக்காவின் மறுமணத்துக்கு அறிவித்தல் கொடுக்கச் சென்றபோது, முதல் மணம் நீக்கப்பட்டதைக் காட்டும் நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை விவாகப் பதிவாளர் கேட்டார். கிராம அலுவலரின் கடிதத்தையும், சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியையும் அவர் வாசிக்காமலே மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். இருவரும் பிரிந்து பதினொரு ஆண்டுகள். அந்த மனிதருக்கு வன்னியில் வேறு குடும்பமும் உண்டு. முதல் மணமோ கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவே இல்லை. உள்ளதை மறைக்காமல் சொன்னதுதான் அக்கா செய்த பிழையா? ஏழு ஆண்டு பிரிந்திருந்தாலே மணம் முறிந்தது என்றுதானே ஊரில் சொல்கிறார்கள்?

பதிவறை எழுதுவினைஞர்:
தம்பி, ஊர் சொல்லும் அந்த ஏழு ஆண்டுக் கணக்கு அரைகுறையானது. உயிரோடிருப்பதாக ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் கிடைக்காத துணையைப் பற்றியே இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அவ்விதம் விலக்களிக்கிறது; உங்கள் அத்தானோ வன்னியில் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதிவு என்பது மணத்துக்குரிய சிறந்த சான்றே தவிர, மணம் அதுவல்ல. வழக்கப்படி கூறை கொடுத்துத் தாலி கட்டிய மணங்களைப் பதிவின்றியும் நம் நீதிமன்றங்கள் செல்லுபடியானவை என்று ஏற்றிருக்கின்றன. ஆகவே 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் மணம் சட்டப்படி நீக்கப்படாதவரை இரண்டாவது மணம் செல்லாது. இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. நாளைக்குக் காணி உறுதி எழுதும்போது அந்த மனிதர் வந்து நின்றால், உங்கள் சத்தியக் கடதாசி எதைத் தடுக்கும்?

கோண்டாவில் வாசி:
ஐயா, சட்டத்தை ஏற்கிறேன். அதன் சுமை விழும் இடத்தைத்தான் ஏற்க முடியவில்லை. அவர் எந்தக் கடதாசியுமின்றி வேறு குடும்பம் நடத்துகிறார். முறைப்படி வாழ விரும்புகிறவளே வழக்குச் செலவையும் அலைச்சலையும் சுமக்கிறாள்.

வடமராட்சியாள்:
இந்தக் கோபம் நியாயமானது, ஆனால் பதிவாளர்மேல் பாய வேண்டியதல்ல. நானும் அவ்வாறு பாய்ந்தவள்தான். மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளை கிடைத்த மகிழ்ச்சியில் பிரதியோடு போனேன். பதிவாளர் கடைசித் தாளைத் திருப்பி, ஊதா முத்திரைக்கு மேலிருந்த இரண்டு வரிகளில் விரலை வைத்துக் காட்டினார். அது முதற்கட்டளை; குறைந்தது மூன்று மாதங்கள் கழித்தே இறுதிக் கட்டளையாகும் என்பதை எனக்காக வாதாடிய சட்டத்தரணிகூடச் சொல்லவில்லை. கனடாவிலிருந்து வந்த என் மைத்துனருக்கும் கிட்டத்தட்ட இதுவே நடந்தது: அங்கே தீர்ப்பு வந்து 31ஆம் நாள்தான் விவாகரத்து நடைமுறைக்கு வரும், அதற்கான சான்றிதழ் தனி, அவரோ தீர்ப்பை மட்டும் கொண்டு வந்து நின்றார்.

பதிவறை எழுதுவினைஞர்:
இறுதிக் கட்டளைக்கு நாள் குறிப்பது அடுத்த கதை. இவர்களுக்கு வழக்கே இன்னும் தொடங்கவில்லை. தீய எண்ணத்துடன் கைவிட்டுச் சென்றமை விவாகரத்துக்கு ஏற்ற காரணம். பிறரோடு குடும்பம் நடத்துவதும் அவ்வாறே. எதிராளி மன்றுக்கு வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகவும் விளங்கித் தீர்ப்பார்கள், அழைப்பாணை சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

கோண்டாவில் வாசி:
அவருடைய வன்னி முகவரியைத் தேடுகிறேன். இதைப் பதிவாளர் முதல் நாளே சொல்லியிருந்தால் மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருக்க மாட்டோம். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.