மறு: யுரேனைல் அணைவு – 'நிலநடுக்கோட்டு ஈனி'க்கு மாற்றுச் சொல்

அண்ணாச்சி, நண்பர்களே, வணக்கம்.

நடு உலோகத்தோடு பிணைந்து நிற்கும் அணுவோ அயனியோ மூலக்கூறோ ஈனி; எல்லாம் சேர்ந்தது அணைவு. யுரேனைலின் இடுப்பைச் சுற்றி நிற்கும் ஈனிக்கு (equatorial ligand) நீங்கள் பரிந்துரைத்த 'நிலநடுக்கோட்டு ஈனி'யை நேற்று வகுப்பில் எழுதிப் பார்த்தேன். பலகையில் பாதி வரியை அதுவே பிடித்துக்கொண்டது. பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், இது வேதியியலா, புவியியலா?" என்றான். கேட்டதில் தப்பில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். யுரேனைல் அயனியில் நடுவே யுரேனியம். இரண்டு ஆக்சிஜன்கள் எதிரும் புதிருமாக ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), குட்டை, அதனால் கெட்டி. அமிலக் கரைசலிலும் இந்த மூன்றணுத் துண்டு உடையாமல் அப்படியே திரியும். ஆக, புதிதாக வரும் ஈனிக்கு மேலும் கீழும் இடம் கிடையாது, இடுப்பைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். வெறும் நீரில் ஐந்து நீர் மூலக்கூறுகள் சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி அப்படி உட்கார்ந்திருக்கின்றன.

இதில் உருண்டை எங்கே இருக்கிறது, நடுக்கோடு போட? எனக்குத் தெரிவது வண்டிச் சக்கரம்தான். எங்கள் ஊர் ஆசாரி சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தில் துளை போட்டு, ஆரக்கால்களை ஒவ்வொன்றாக அடித்து இறக்குவார். வெளியே வட்டைகளை, அதாவது விளிம்பின் வளைவுத் துண்டுகளைப் பூட்டி, விராட்டித் தீயில் சிவக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். 'சொய்ங்' என்று ஆவி கிளம்ப, பட்டா சுருங்கி இறுகும். துளைகளை ரொம்ப நெருக்கிப் போட்டால் குடம் வெடித்துவிடும் என்பார். யுரேனியத்துக்கும் இதே இட நெருக்கடிதான்: சுற்றிலும் நான்கு முதல் ஆறு பிணைப்பு, அதற்கு மேல் கொள்ளாது.

எனவே என் பரிந்துரை: ஆக்சிஜன் இரண்டும் அச்சு, யுரேனியம் குடம், சுற்றி நிற்பது 'ஆரக்கால் ஈனி'. சுருக்கி 'ஆர ஈனி' என்று வைக்க வேண்டாம். 'அயனி ஆரம்' (ionic radius) ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள்.

கார்பனேட் உள்ள நீரில் நடப்பதை இந்தச் சொல்லால் எழுதிப் பார்த்தேன். காரத்தன்மை ஏற ஏற, கார்பனேட் ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிப்படியாக நீரைத் தள்ளிவிட்டு ஏறுகிறது. மூன்றும் ஏறியதும் மொத்த மின்சுமை இரண்டு நேர் என்பதிலிருந்து நான்கு எதிர் என்றாகிவிடும். களிமண்ணின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்சுமைதான்; ஆகவே அதில் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு போய்விடும். நெல்லைப் பக்கம் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கார்பனேட்தான். யுரேனியப் பாறை உள்ள இடத்தில் நீர் எப்படி யுரேனியத்தைச் சுமக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

---

தம்பி,

நிலநடுக்கோட்டை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் சக்கரத்திலும் இரண்டு ஓட்டை.

ஒன்று, வண்டியில் அச்சைக் கழற்றலாம், ஆரக்காலைக் கழற்ற முடியாது. யுரேனைலில் எல்லாம் தலைகீழ். சுற்றி நிற்கும் நீர் நொடிக்குப் பத்து லட்சம் தடவை அளவில் இடம் மாறும். அச்சு ஆக்சிஜன் லேசில் அசையாது.

இரண்டு, இதுதான் பெரிது. கார்பனேட் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜனால் பிடிக்கிறது. அப்படியானால் ஆரக்கால் ஆறு. உங்கள் 'ஆரக்கால்' ஈனியா, பிணைப்பா? நைட்ரேட் அணைவில் நிலைமை இன்னும் மோசம். கல்பாக்கத்தில் அணு உலையில் எரிந்த எரிபொருளை மறுபதப்படுத்தும்போது அமிலத்திலிருந்து எண்ணெய்க் கரைப்பானுக்குத் தாவுகிற அணைவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நைட்ரேட்டுக்கும் தலைக்கு இரண்டு கை, கரைப்பானில் இருந்து வரும் இரண்டு டிரைபியூட்டைல் பாஸ்பேட்டுக்குத் தலைக்கு ஒரு கை. ஈனி நான்கு, பிணைப்பு ஆறு. மாணவன் எதை எண்ணுவான்?

---

அண்ணாச்சி,

முதல் ஓட்டையை நான் அடைக்கப் போவதில்லை. சொல் இடத்தைக் காட்டினால் போதும், உறுதியைக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன், சரி. ராத்திரி யோசித்ததில் விடையும் சக்கரத்திலேயே இருந்தது. நம் மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் பன்னிரண்டு, வட்டை ஆறு. ஒரு வட்டைக்கு இரண்டு கால். கார்பனேட் அச்சு அசல் இதேதான்! ஆகவே பிணைப்புக்கு 'ஆரக்கால்', ஈனிக்கு 'வட்டை ஈனி', அவை கிடக்கும் தளத்துக்கு 'வட்டைத் தளம்'. கார்பனேட் அணைவில் மூன்று வட்டை, ஆறு ஆரக்கால். நைட்ரேட் அணைவில் நான்கு வட்டை, ஆறு ஆரக்கால். எண்ணிக்கை இடிக்கவில்லை.

நீரும் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டும் மட்டும் ஒற்றைக்கால் வட்டை. ஆசாரி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நாளை அந்தப் பின்வரிசைப் பையனிடம் எழுதிக் காட்டிவிட்டு வந்து சொல்கிறேன்.