சீனாவில் மூன்று நகரம், கையில் பிளாட்டினம்: ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தேக்கா ரவி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வேலைக்காக ஊர் ஊராகப் போனதில் மேரியட் பான்வாயில் (மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டம்) 50 இரவு தாண்டி பிளாட்டினம் தகுதி வந்துவிட்டது. இந்த முறை மனைவி, அம்மா (68 வயது, சைவம்), ஐந்து வயது மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சீனா போகலாம் என்று இருக்கிறேன். போட்டிருக்கும் திட்டம்: நவம்பர் 1 முதல் குவாங்சோவில் 2 இரவு, 3 முதல் ஷாங்காயில் 4 இரவு, 7 முதல் பெய்ஜிங்கில் 4 இரவு. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

போன வருடம் தனியாக ஷாங்காய் போனபோது பட்டது இது. விலை குறைவு என்று வேறொரு புக்கிங் தளத்தில் அறை போட்டேன். ரிசப்ஷனில் உறுப்பினர் எண்ணைச் சொன்னதும், "இந்த புக்கிங்குக்கு லவுஞ்ச் கிடையாது, காலை உணவு கிடையாது, இரவும் கணக்கில் சேராது" என்றார்கள் (லவுஞ்ச் என்பது தகுதி உள்ளவர்களுக்குச் சிற்றுண்டி தரும் தனிக் கூடம்). அது போதாதென்று ஹோட்டல் ஹொங்ச்சியாவ் ரயில் நிலையத்துப் பக்கம். புத்தம் புதுக் கட்டடம், அறையும் பெரியது. ஆனால் ஒவ்வொரு இரவும் பண்ட் நதிக்கரையிலிருந்து திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவை வைத்துக்கொண்டு அப்படி அலைய முடியாது.

ஆப்பைத் திறந்தால் ஒவ்வொரு ஊரிலும் டஜன் கணக்கில் ஹோட்டல் வருகிறது. எதை வைத்துக் கழிப்பது? ஷாங்காயில் எனக்குப் பிடித்த ஒன்று 1,200 யுவான் அல்லது 40,000 பாயிண்ட் காட்டுகிறது. பாயிண்ட்டைச் செலவு செய்யலாமா?

குவாங்சோ வியாபாரி

தம்பி, ஹோட்டலை அப்புறம் பார்க்கலாம். முதலில் தேதியை மாற்றுங்கள்.

குவாங்சோவில் நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சியான கேண்டன் கண்காட்சியின் இலையுதிர்கால அமர்வு அக்டோபர் 15-இல் தொடங்கி நவம்பர் 4 வரை மூன்று கட்டமாக நடக்கும். மூன்றாம் கட்டத்தில்தான் துணி, ஆடை எல்லாம். திருப்பூர்க்காரர்கள் கூட்டமாக வந்து இறங்குவது அப்போதுதான். அந்த நாட்களில் கண்காட்சி மண்டபம் இருக்கும் பாஜோவ் பக்கம் மட்டுமில்லை, நகரம் முழுக்க வாடகை ஏறிவிடும். நானே அந்த வாரங்களுக்கு மூன்று மாதம் முன்னாலேயே அறை போட்டுவிடுவேன்.

சரி, குவாங்சோவைத் தள்ளி வைத்து ஷாங்காய்க்கு முதலில் போகலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். நவம்பர் 5 முதல் 10 வரை சர்வதேச இறக்குமதிக் கண்காட்சி, 2018 முதல் வருடாவருடம் அதே தேதி. நீங்கள் போன வருடம் தங்கிய ஹொங்ச்சியாவ் பக்கம்தான் அந்த மண்டபம். ஆக, உங்கள் திட்டம் இரண்டு கண்காட்சியிலும் நேராகப் போய் மோதுகிறது. நவம்பர் 11 தாண்டிப் பயணத்தைத் தொடங்கினால் இதே அறைகள் மனம் ஒப்பும் விலைக்குக் கிடைக்கும். அக்டோபர் 1 முதல் வரும் தேசிய நாள் விடுமுறை வாரம், மே 1 விடுமுறை, சீனப் புத்தாண்டு, இந்த மூன்றையும் எப்போதுமே தவிர்த்துவிடுங்கள்.

நதிக்கரை (ஷாங்காயில் வசிப்பவர்)

ரவி அண்ணா, இங்கே வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் மெட்ரோ நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அந்த நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் உங்கள் உறுப்பினர் திட்டத்தில் என்ன ஹோட்டல் இருக்கிறது என்று பாருங்கள். பிளாட்டினத்தை வைத்து ஹோட்டலைத் தேடி, அப்புறம் ஊரை அதற்கு ஏற்றாற்போல் வளைக்க நினைத்தால் தினமும் இரண்டு மணி நேரம் ரயிலிலேயே போகும்.

ஷாங்காயில் மக்கள் சதுக்கம் நிலையத்தில் 1, 2, 8 என மூன்று வழித்தடம் சேர்கிறது. பக்கத்திலேயே ஜேடபிள்யூ மேரியட் டுமாரோ ஸ்கொயர் இருக்கிறது. யூயுவான் தோட்டத்துப் பக்கம் போனால் 10, 14 வழித்தடம், அங்கே ரெனசான்ஸ். நதிக்கு அந்தப் பக்கம் லுஜியாசுய் வானுயரக் கட்டடங்களின் காட்சி அழகுதான். ஆனால் சாலைகள் அகலம், நடை அதிகம், வயதானவர்களுக்குச் சிரமம்.

பெய்ஜிங்கில் 1-ஆம் வழித்தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாவாங்லு பக்கத்து ஜேடபிள்யூ மேரியட்டிலிருந்து ஐந்தாவது நிலையம் வாங்ஃபூஜிங், ஆறாவது கிழக்கு தியானன்மென். பெயரில் "பெய்ஜிங்" இருப்பதால் ஊருக்குள் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐந்தாம் வளையச் சாலைக்கு வெளியே இருக்கும் ஹோட்டலும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கும். அரண்மனை அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவும் செய்ய வேண்டும். தங்கும் நாட்களை இதையும் பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, தூரத்தைக் கூகுள் மேப்பில் அளக்காதீர்கள். சீனாவில் வரைபடத்தில் இடங்களைக் குறிக்கத் தனிக் கணக்கு முறை இருப்பதால் ஹோட்டலின் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். வாசலிலேயே மெட்ரோ என்று நினைத்துப் போனால் நடுவில் எட்டு வழிச் சாலை நிற்கும். ஆப்பிள் மேப் அல்லது கௌதே என்ற சீன மேப்பில் பாருங்கள்.

மலர், பாயிண்ட் கணக்கு

பாயிண்ட் கேள்விக்கு வருகிறேன். சீன ஹோட்டல்கள் பல நேரம் முதலில் காட்டுவது வெறும் அறை வாடகை. அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்த மொத்தத்தின்மேல் 6 சதவீதம் வரி, ஆக 16.6 சதவீதம் கூடும். உங்கள் 1,200 யுவான் அப்படிப்பட்ட விலை என்றால் கையிலிருந்து போவது 1,399. பாயிண்ட்டில் எடுத்தால் இந்தக் கூடுதல் கிடையாது என்பதால், ஒப்பிடும்போது 1,399-ஐத்தான் வைக்க வேண்டும். 40,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்ட்டுக்கு 0.035 யுவான். 0.05-க்குக் கீழே வந்தால் நான் பாயிண்ட்டைத் தொட மாட்டேன். சீனாவில் நல்ல ஹோட்டலே சகாய விலைக்குக் கிடைப்பதால் இங்கே பணம் கட்டி இரவுகளைச் சேர்த்துக்கொண்டு, பாயிண்ட்டை விலை கூடின ஊர்களுக்கு வைத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பாயிண்ட்டில்தான் தங்குவேன் என்றால் ஷாங்காயில் 5 இரவாக்குங்கள். ஐந்து இரவுக்கு நான்கின் பாயிண்ட்தான் எடுப்பார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பிளாட்டினத்தின் லவுஞ்ச் அனுமதி உங்களுக்கும் அதே அறையில் தங்கும் ஒருவருக்கும் மட்டும்தான். நீங்கள் மூன்று பெரியவர்கள். இரண்டு அறை போட்டு இரண்டுக்கும் நீங்களே பணம் கட்டினால் பாயிண்ட் இரண்டுக்கும் வரும் (மூன்று அறை வரை). ஆனால் சலுகை உங்கள் அறைக்கு மட்டுமே. அதனால் இரண்டாவது அறையைக் காலை உணவு சேர்ந்த கட்டணத்தில் போடுங்கள். முடிந்தால் மனைவியையும் இலவசமாக உறுப்பினராக்கி அந்த அறையை அவர் பெயரிலேயே போடுங்கள். பெரிய சலுகை இல்லாவிட்டாலும் பாயிண்ட்டாவது அவருக்குச் சேரும். குழந்தைக்கான விதி ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், மின்னஞ்சலில் கேட்டு பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்ஸ் கார்ல்டனில் பிளாட்டினத்துக்கு கிளப் லவுஞ்ச் கிடையாது, இலவசக் காலை உணவும் கிடையாது. பெயர் பெரியது என்று அங்கே போனால் உங்கள் தகுதிக்கு வேலையே இருக்காது.

அப்புறம், எதைப் போட்டாலும் நேராக நிறுவனத்தின் ஆப்பிலேயே போடுங்கள். வெளித் தளத்தில் விலை குறைவாக இருந்தாலும் காலை உணவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த லாபம் கரைந்துவிடும்.

தேக்கா ரவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு கண்காட்சி விஷயமும் எனக்குத் தெரியவே தெரியாது. விடுப்பை நவம்பர் 12-க்கு மாற்றிவிட்டேன். இரண்டாவது அறைச் செலவைச் சேர்த்தும் மொத்தம் கட்டுப்படியாகிறது.

இப்போது மனதில் இருப்பது அம்மாவின் சாப்பாடுதான். லவுஞ்சில் அவருக்கு ஏதாவது இருக்குமா? அறைக்கு வைப்புத்தொகை எப்படிக் கட்டுவது?

நதிக்கரை

லவுஞ்சை நம்ப வேண்டாம். மாலையில் பழம், சாலட், கொட்டை வகை கிடைக்கும். அம்மாவுக்கு அது போதாது. காலை உணவுக் கூடம்தான் கைகொடுக்கும்: வெறும் அரிசிக் கஞ்சி (பாய் ஜோவ் என்று கேளுங்கள், இல்லையென்றால் இறைச்சி போட்டது வந்துவிடும்), சோயாப் பால், அவித்த சக்கரவள்ளிக் கிழங்கு, சோளம், வெறும் மன்தோவ் ரொட்டி. என் மாமியார் வந்திருந்தபோது தினமும் இதைத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஊறுகாய் பாட்டில் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தார். உணவகங்களில் "வோ ச்சர் சூ", அதாவது நான் சைவம், என்று சொல்லுங்கள்.

வைப்புத்தொகைக்கு விசா, மாஸ்டர் கடன் அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைத்து, கிளம்பும்போது விடுவிப்பார்கள். வெளியே செலவுக்கு அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் உங்கள் அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். வந்து இறங்கியதும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஹோட்டலில் வாங்கி ஸ்கேன் செய்வார்கள். வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டிய விதி அது, ஹோட்டலே செய்துவிடும். ஷாங்காயில் 2019 ஜூலையிலிருந்து பல்துலக்கி, சீப்பு போன்றவற்றை நீங்கள் கேட்டால்தான் தருவார்கள். குழந்தைக்குச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

குவாங்சோ வியாபாரி

தம்பி, குவாங்சோவில் தியென்ஹ மேரியட் போடுங்கள். தியூ சிலு நிலையம் பக்கத்தில், 3-ஆம் வழித்தடத்தில் விமான நிலையத்துக்கு மாறாமல் போகலாம். அம்மாவுக்கு நம் ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்றால் ஹுவான்ஷி கிழக்குச் சாலைப் பக்கம் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, டாக்சியில் போய்விடலாம். டாக்சிக்காரரிடம் "மேரியட்" என்றால் புரியாது, சீனத்தில் அது வான்ஹாவ். அதையும் சொன்னால் போதாது, ஒரே ஊரில் நாலைந்து வான்ஹாவ் இருக்கும். செக்-இன் செய்ததும் ரிசப்ஷனில் சீன முகவரி அச்சிட்ட அட்டையைக் கேட்டு அம்மா கைப்பையில் ஒன்று, உங்கள் சட்டைப்பையில் ஒன்று வைத்துவிடுங்கள்.

தேக்கா ரவி

போட்டாயிற்று. குவாங்சோவில் தியென்ஹ, ஷாங்காயில் மக்கள் சதுக்கம், பெய்ஜிங்கில் தாவாங்லு, எல்லாம் பணத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு அறை. இணைப்புக் கதவு உள்ள அறைகளாகக் கேட்டு மூன்று ஹோட்டலுக்கும் எழுதினேன். குவாங்சோவும் ஷாங்காயும் ஒப்புக்கொண்டு பதில் போட்டுவிட்டார்கள். பெய்ஜிங் பதிலுக்காகக் காத்திருக்கிறேன், வந்ததும் இங்கே எழுதுகிறேன்.