ஆட்டோலோடில் போட்ட ஹெல்பர் எப்போது ஏறும்?

வைகைக்கரை: கோட்இக்னைட்டர் 3 என்ற பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்கில் ஹெல்பர் (உதவி ஃபங்ஷன்கள் அடங்கிய கோப்பு) பெயரை ஆட்டோலோட் கோப்பில் எழுதிவிட்டால் போதும், கூப்பிடும்போதுதான் ஏறும் என்று நேற்று மணிமாறன் அண்ணன் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தப்பு. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஏறும். போன வாரம் மற்ற புரோகிராம்களுக்குத் தகவல் தரும் ஒரு பழைய ஏபிஐயைத் திறந்தேன். ஒரே ஒரு வரி ஜேசன் அனுப்புகிற வேலை. அதற்கும் ஃபார்ம், கேப்சா, டைப்போகிராஃபி என்று 9 ஹெல்பர் ஏறி நிற்கிறது. படமே இல்லாத இடத்தில் கேப்சா படம் உருவாக்கும் ஹெல்பர் எதற்கு?

மணிமாறன்: பெயரே ஆட்டோலோட். தேவைப்படும்போது தானாக ஏறும் என்றுதானே அர்த்தம்? பிஹெச்பி பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கம்போசரும் அதைத்தான் செய்கிறது. 8 வருஷமாக இதில்தான் சோறு சாப்பிடுகிறேன் தம்பி.

வைகைக்கரை: கம்போசர் அப்படிச் செய்வது கிளாஸுக்கு. ஃபங்ஷனைத் தேடிப்பிடித்து ஏற்றும் வசதி பிஹெச்பியிலேயே கிடையாது. கம்போசரிலும் ‘ஃபைல்ஸ்’ பகுதியில் போட்ட கோப்பு ஒவ்வொரு தடவையும் ஏறத்தான் செய்யும்.

யாழினி: செயற்கூறு என்று நல்ல சொல் இருக்கும்போது ஃபங்ஷன் எதற்கு?

தறி: சொல் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பிஹெச்பியின் ஓப்கேஷ் ஓடினால் கம்பைல் ஆன கோடு மெமரியிலேயே இருக்கும். 9 கோப்பு பெரிய சுமையே இல்லை.

யாழினி: தமிழ் என்றாலே உங்களுக்கு ‘அப்புறம்’தான்.

வைகைக்கரை: சுமையா என்று நான் கேட்கவில்லை. ஏறுகிறதா, இல்லையா? ஏறுகிறது. எந்த மெத்தடுக்கு வேண்டுமோ அதற்குள் லோட் செய்யுங்கள். ஒருமுறை ஏறியதை கோட்இக்னைட்டரின் லோடர் மறுபடி ஏற்றாது, பயமே வேண்டாம்.

மணிமாறன்: மெத்தட் மெத்தடாக எழுதி ஒன்றில் மறந்துவிட்டால் ‘அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்’ என்று சைட் படுத்துவிடும். ராத்திரி 2 மணிக்கு நீ வந்து பார்ப்பாயா? செஷன் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினாய்.

வைகைக்கரை: செஷனை ஏன் இழுக்கிறீர்கள்? ஒரு காலி கன்ட்ரோலர் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் கிளாஸ்) எழுதி, ஏறிய கோப்புகளின் பட்டியலை அச்சடித்துப் பாருங்கள். கேப்சா ஹெல்பர் அதில் இருக்கும்.

மணிமாறன்: எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆட்டோலோட் என்றால் ஆட்டோலோட்தான்.

வைகைக்கரை: பட்டியலைப் பார்த்தீர்களா, இல்லையா அண்ணே?