கொரியன் புல்தரை மெத்தை மாதிரி அமுங்குகிறது, பெயர்த்துவிடலாமா?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். வீட்டு முன்னால் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் இருக்கிறது, போட்டு நாலு வருஷம். இப்போதெல்லாம் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. மெஷின் ஓட்டினால் சக்கரம் உள்ளே இறங்கி, அங்கங்கே பழுப்புத் திட்டு விழுகிறது. தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டும் மதியத்தில் புல் சுருண்டுகொள்கிறது. வெட்டிய புல்லை வாராமல் விட்டதுதான் காரணம் என்கிறார் தோட்டக்காரர் அண்ணன். மாதாமாதம் யூரியா தூவுகிறோம். அம்மா வெறுங்காலில் நடக்கும் இடம், அதனால் மருந்து அடிக்க மனசில்லை. மொத்தமாகப் பெயர்த்துப் புதுசு போடலாமா?

நீலாங்கரைத் தோட்டம்:
பெயர்க்காதீர்கள். ஓரமாக ஒரு இடத்தில் கத்தியால் முக்கோணமாக வெட்டி, மண்ணோடு எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் பழுப்பாக நார் அடுக்கு தெரியும், அதுதான் தாட்ச். ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். அரை அங்குலம் வரை இருந்தால் நல்லதுதான், மண்ணுக்கு வெயில் படாமல் காக்கும்.

மடிப்பாக்கம்வாசி:
வெட்டிப் பார்த்தேன். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. வெள்ளை வேரெல்லாம் அந்த நாருக்குள்ளேயே சுற்றிக் கிடக்கிறது, மண்ணில் இறங்கியது நாலைந்து இழைதான். நேற்று தண்ணீர் விட்ட இடம், அடி மண் கட்டியாகக் காய்ந்திருக்கிறது.

நீலாங்கரைத் தோட்டம்:
மதியம் சுருள்வதற்குக் காரணம் அதுதான். பத்து நிமிஷத் தண்ணீரை நாரே குடித்துவிடுகிறது, வேரும் அதை நம்பி மேலேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் நார் காயும், கூடவே வேரும் காயும்.

வெட்டிய புல்நுனி மேல் பழி போடாதீர்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர், சீக்கிரம் மக்கிவிடும். மக்காமல் சேர்வது தண்டும் ஓடுகொடியும் வேரும். கொரியன் புல்லின் தண்டில் லிக்னின் (மரத்தைக் கெட்டியாக்கும் பொருள்) அதிகம் என்பதால் மெதுவாகத்தான் மக்கும். யூரியா அதிகமானால் நுண்ணுயிர்கள் தின்னும் வேகத்தைவிடப் புல் வளரும் வேகம் முந்திவிடும். கரையான் மருந்து ஊற்றினால் மண்புழுவும் போய்விடும், அப்புறம் இதைத் தின்ன ஆளே இல்லை.

வேளச்சேரி நர்சரி:
புல்தரை பராமரிப்புதான் என் தொழில், அதனால் ஒன்று சொல்கிறேன். அந்த நாரைக் கிளறி வாரியெடுக்க வேண்டும், ஆனால் அதற்காக இப்போதே ரேக்கை (பல் வைத்த வாருகோல்) கையில் எடுத்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் கிளறினால் வெறும் மண் வெந்துபோகும். அக்டோபருக்குப் பிறகு மழை ஈரத்தில் கிளறினால் புல் வேரோடு பிய்ந்து வரும், பூஞ்சையும் பிடிக்கும். ஜூன் கடைசி, ஜூலைதான் சரி. புல் நன்றாக வளரும் சமயம், சாயங்கால மழையும் அவ்வப்போது கிடைக்கும்.

முதலில் கொஞ்சம் தாழ்வாக வெட்டிவிட்டு, இரும்புப் பல் ரேக்கால் குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். ஒரே தடவையில் முழுக்க எடுக்க ஆசைப்பட வேண்டாம், பாதி போனால் போதும். மீதி அடுத்த வருஷம். கொரியன் புல் அருகம்புல் மாதிரி சட்டென்று மூடிக்கொள்ளாது. பஃபலோ புல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அதற்கு மண்ணுக்குள் கிழங்குத்தண்டு கிடையாது, மேலே ஓடும் கொடியை அறுத்துவிட்டால் திரும்ப வர வழியில்லை.

வாரியதைக் கம்போஸ்ட் குழியில் போடுங்கள். சிலர் கொளுத்திவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

மடிப்பாக்கம்வாசி:
ரொம்ப நன்றி. ஜூன் வரைக்கும் என்ன செய்வது? மேலே மணல் போடலாமா?

வேளச்சேரி நர்சரி:
யூரியாவை இப்போதே நிறுத்துங்கள். தண்ணீர் தினமும் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், மண்ணில் ஒரு சாண் இறங்கும் வரை விடுங்கள். உங்கள் பக்கம் களிமண் என்பதால் மேலே ஓடி வழியும், அரை மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு தவணையாக விடுங்கள். மண் இறுக்கமாக இருக்கும் இடத்தில் தோட்ட வேலைக்கான பெரிய முள் கரண்டியால் குத்திவிட்டால் இன்னும் நல்லது.

களிமண் மேல் வெறும் மணல் வேண்டாம், தனி அடுக்காக நின்றுவிடும். ரேக் போட்ட பிறகு, சலித்த செம்மண்ணும் மக்கிய மண்புழு உரமும் கலந்து கால் அங்குலம் தூவுங்கள். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மிச்ச நாரை மக்க வைக்கும். 600 சதுர அடிக்கு 12 கன அடி போதும், லோடு இறக்க வேண்டியதில்லை. துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள், புல்நுனி வெளியே தெரிய வேண்டும்.