'ரிமூவல்', 'ரிமாண்ட்': இரண்டுக்கும் தமிழ் வேண்டும்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்களுக்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கும் இடையே எழும் அதிகாரச் சிக்கல்களைப் பற்றிய சட்டக் கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். 2020 தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்ட்டன் கவுண்டியில் 2023 ஆகஸ்டில் டிரம்ப் உள்ளிட்ட 19 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் ஒருவரான மார்க் மெடோஸ், வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர் என்ற முறையில் செய்தவையே அவை என்று கூறி, வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முயன்றார். இதுதான் 'ரிமூவல்'. செப்டம்பரில் நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் வழக்கை ஏற்க மறுத்து, மாநில நீதிமன்றத்துக்கே அனுப்பிவிட்டார். இது 'ரிமாண்ட்'. கூட்டாட்சி அலுவலர்கள் வழக்கை இப்படிக் கொண்டுசெல்ல இடம் தரும் சட்டப்பிரிவு, பதவியிலிருந்து விலகியவருக்குப் பொருந்தாது என்று கூறி, 11ஆம் வட்டாரக் ('சர்க்யூட்') கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் டிசம்பரில் அதை உறுதிசெய்தது.

முதல் வரைவில் 'வழக்கு நீக்கம்' என்றும் 'ரிமாண்ட் செய்தார்' என்றும் எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி ஒருவர், மெடோஸ் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டார் என்றும், நீதிபதி அவரைச் சிறையில் அடைத்துவிட்டார் என்றும் புரிந்துகொண்டார். அவர்மேல் பிழையில்லை. நம் செய்தித்தாள்களில் ரிமாண்ட் என்றால் காவல்தானே? தக்க சொற்களைத் தந்து உதவுங்கள்.

மடல் 2: வழக்கறிஞர், மதுரை

அம்மா, 'வழக்கு மாற்றம்' என்று எழுதிவிட்டுப் போகலாம். நீதிமன்ற வாசலில் நிற்கும் கட்சிக்காரருக்கும் அது புரியும். 'ரிமாண்ட்' என்பதற்குத் 'திருப்பி அனுப்புதல்' போதும். கீழமை நீதிமன்றத்துக்கு வழக்கு திரும்பும்போது நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

மடல் 3: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

நன்றி ஐயா. 'திருப்பி அனுப்புதல்' என்பதை ஏற்றுக்கொண்டேன். 'மாற்றம்' என்பதில்தான் தயக்கம். ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்திலிருந்து மற்றொரு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வழக்கு போவது அங்கே 'டிரான்ஸ்ஃபர்'. கட்டுரையில் அதுவும் வருகிறது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் உள்ளதைப் போல, அதற்கு நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். ரிமூவல் அப்படியன்று. 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. இன்று உரிமையியல் வழக்கில் பிரதிவாதி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பொதுவாக 30 நாள்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்து, வாதிக்கும் மாநில நீதிமன்றத்துக்கும் தெரிவித்துவிட்டால், மாநில நீதிமன்றம் அந்த வழக்கில் மேற்கொண்டு எதுவும் செய்யக் கூடாது. குற்ற வழக்கில் இவ்வளவு கடுமையில்லை என்றாலும், தொடங்கிவைப்பவர் அங்கும் குற்றம் சாட்டப்பட்டவரே.

மடல் 4: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

மகளே, நீ சொல்வதைப் பார்த்தால் இது முழுக்க வெட்சித் திணை. வெட்சியார் ஆநிரையைக் கவர்கின்றனர், கரந்தையார் மீட்கின்றனர். ஆகவே 'வழக்குக் கவர்வு', 'வழக்கு மீட்பு' என்னும் இணை பொருந்தும். அது மிகை என்று தோன்றினால் 'வழக்குப்பெயர்ப்பு' எனலாம். பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. பிரதிவாதி தாமே முனைந்து செய்வதால் பிறவினையே வேண்டும். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகும் என்பதால் நடுவில் வரும் 'ப்' என்னும் ஒற்றை விட்டுவிடாதே.

மடல் 5: வழக்கறிஞர், மதுரை

ஐயா, எங்கள் ஊரில் பூட்டைப் பெயர்ப்பார்கள், தரையில் பதித்த கல்லைப் பெயர்ப்பார்கள். வழக்கைப் பெயர்த்தார் என்றால் உடைத்துவிட்டார் என்று பொருளாகும். கலைச்சொல் அகராதியில் அழகாக இருந்து, படிப்பவர் மனத்தில் தவறாக இறங்கினால் யாருக்குப் பயன்?

மடல் 6: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பக்கத்தில் காவலில் வைப்பதற்கு 'விளக்கமறியல்' என்ற சொல் நிலைத்துவிட்டதால், மாணவிக்கு நேர்ந்த குழப்பம் இங்கே குறைவு.

ஆசிரியர் ஐயாவின் கரந்தை உவமையை என்னால் ஏற்க முடியவில்லை. மாநில நீதிமன்றம் படையெடுத்துப் போய் எதையும் மீட்பதில்லை; அதற்கு அந்த அதிகாரமே இல்லை. கூட்டாட்சி நீதிமன்றம்தான் தன் ஆணையால் அனுப்பிவைக்கிறது.

சொல்லைத் தெரிவுசெய்யும்போது 1880ஆம் ஆண்டின் டென்னஸி எதிர் டேவிஸ் வழக்கை நினைவில் வைக்க வேண்டும். கள்ளச் சாராய வடிசாலையைக் கைப்பற்றப் போன கூட்டாட்சி வரி அலுவலர் டேவிஸ், தம்மைச் சுட்டவர்களைத் திருப்பிச் சுட்டதில் ஒருவர் இறந்தார். டென்னஸி மாநிலம் அவர்மேல் கொலைக் குற்றம் சாட்டியது. அவர் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது செல்லும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். இரு நீதிபதிகள் மாறுபட்டனர். மாநிலங்களின் மனக்குறை இன்றளவும் இதுதான்: எங்கள் மண்ணில், எங்கள் சட்டத்தின்கீழ் நடந்த கொலையை விசாரிக்க நீங்கள் யார்? ஆயினும் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் பொருந்துவது டென்னஸியின் குற்றச் சட்டமே. வழக்கு அதுவே, சட்டமும் அதுவே, மாறுவது மன்றம் மட்டுமே. ஆகையால் 'மன்றப்பெயர்ப்பு' என்பேன்.

மடல் 7: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

மன்றப்பெயர்ப்பு என்றால் மன்றத்தையே பெயர்த்து வேறிடத்தில் வைப்பதாக அல்லவா பொருள்படும்? செயப்படுபொருள் வழக்கு; மன்றமன்று.

மடல் 8: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

ஐயா, புலம்பெயர்ந்தோர் என்னும்போது புலம் நகர்ந்ததாக எவரும் கொள்வதில்லை. புலத்தினின்று பெயர்ந்தவர் என்றே கொள்கிறோம். அந்தச் சொல்லோடு நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறோம். அதன் பொருளில் எங்களுக்கு ஐயம் வந்ததில்லை. மன்றத்தினின்று பெயர்ப்பது மன்றப்பெயர்ப்பு.

மடல் 9: வழக்கறிஞர், மதுரை

புலம்பெயர்தல் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதன் வழியே இதுவும் புரியும் என்பதால் என் எதிர்ப்பைத் தளர்த்துகிறேன். ஆனால் முதல் பயன்பாட்டிலேயே ஒரு வரி விளக்கம் இருக்கட்டும். தலைப்பில் 'வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சி' என்றே எழுதுங்கள்.

மடல் 10: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

நாளை வெள்ளி என்பதால், ரிமூவலுக்கு மன்றப்பெயர்ப்பு, ரிமாண்டுக்குத் திருப்பி அனுப்புதல், டிரான்ஸ்ஃபருக்கு மாற்றம் என்ற மூன்றையும் வைத்து அனுப்புகிறேன். வழக்கறிஞர் ஐயா கேட்ட விளக்க வரியைச் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மடல் 11: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அனுப்பு மகளே. புலம்பெயர்வு தன்வினை, வழக்கு தானாக எங்கும் பெயர்ந்து போவதில்லை. நீக்கப் பொருளில், அதாவது 'மன்றத்தினின்று' என்பதுபோல, பெயர்த்தல் என்னும் பிறவினை தொகையாகி வந்த இடம் ஒன்றையேனும் சட்டத்தரணி காட்டும்வரை நான் வழக்குப்பெயர்ப்பு என்றே எழுதுவேன்.