டிஓஎஃப் இதய ஆபரேஷன் முடிந்த பையன், 2 வயது 3 மாதம், இன்னும் பேச்சு வரவில்லை

தேனி_அம்மா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகனுக்கு 2 வயது 3 மாதம். 45-ஆம் நாள் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் அதை எடுக்கவே இல்லை, வைத்தபடியே "ஒரு எக்கோ பார்த்துடலாம்மா" என்றார். டிஓஎஃப் என்ற பிறவி இதயக் கோளாறு. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் சுருக்கம். மூன்றரை மாதத்தில் ஷன்ட், அதாவது நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு சின்னக் குழாய், வைத்தார்கள். அதற்கப்புறம் நெஞ்சில் கிருமி தொற்றி 9 நாள் வென்டிலேட்டர், வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் மூக்குக்குழாய் வழியாகத்தான் பால். 15-ஆம் மாதம் முழு ஆபரேஷன் நடந்தது. இப்போது உதடு சிவப்பாக இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறான், கோழியை விரட்டுகிறான்.

பேச்சு மட்டும் இல்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து சொல்: மா, தாத்தா, டாட்டா, இல்ல, உவ்வா. "மா" என்றால் நானும் அதுதான், பாலும் அதுதான், தண்ணீரும் அதுதான். "உவ்வா" வெள்ளைச் சட்டை போட்ட எல்லோருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டி சட்டையில் வந்து நின்றால் பாவம், அவருக்கும் உவ்வாதான். ஆனால் புரிகிற மாதிரிதான் தெரிகிறது. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து என் நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, டாக்டர் மாதிரியே தலையை ஆட்டுவான். வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. நாத்தனார் மகள் இவனைவிட இரண்டு மாதம் சின்னவள், "அத்தை, அங்க நாய் பாரு" என்கிறாள்.

ரிவ்யூவுக்குப் போனபோது கேட்டேன். "ஹார்ட் நல்லா இருக்கு, பேச்சு தானா வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார் "இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்கிறார். நாத்தனார் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்கிறாள். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று ஒரு உறவினர். எனக்கு ராத்திரியில் வருகிற கேள்வி வேறு. அவன் நீலம் பாரித்துக் கிடந்த மாதங்களில் மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

எங்கள் வீட்டிலும் ஒரு டிஓஎஃப் இருக்கிறாள், இப்போது மூன்றாம் வகுப்பு. உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது: உங்களிடமும் "குழந்தையை அழவே விடாதீங்க" என்று சொல்லியிருப்பார்களே?

எங்களுக்குச் சொன்னார்கள். சொன்னதில் தப்பே இல்லை, அழுதால் நீலம் பாரிக்கும், ஆக்சிஜன் திடீரென்று இறங்கி ஸ்பெல் வரும், முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். அதனால் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று வந்துவிட்டது. அவள் கண் தண்ணீர்க் குடத்துப் பக்கம் திரும்பினால் டம்ளர் வாயருகில் இருக்கும். உதடு லேசாகப் பிதுங்கினால் இடுப்பில் இருப்பாள். தாத்தா, பாட்டி, சித்தி, அவர், நான் என ஐந்து பேர் ஒரு குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. ஆபரேஷன் முடிந்து ஸ்பெல் பயம் போன பிறகும் எங்களுக்குப் பழக்கம் போகவில்லை.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பத்து நிமிஷம் நாங்கள் விளையாடுவதை ஃபோனில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார். முழுக்க என் குரல். "தண்ணி வேணுமா? தண்ணியா கண்ணு? இந்தா, குடி, போதுமா? போதும், சமத்து." கேள்வியும் நான், பதிலும் நான். அவள் ஒரு இடத்தில் "ங்" என்று ஏதோ தொடங்குகிறாள், அதன் மேலேயே நான் பேசிக்கொண்டு போகிறேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதுதான் காரணம் என்றும் சொல்லவில்லை. இப்படியும் ஒன்று இருக்கலாம், பாருங்கள்.


சிவகாசி_அப்பா எழுதியது:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் காது.

என் மகளுக்கு இதயப் பிரச்சினை இல்லை, சிறுநீரகப் பிரச்சினை. ஒன்றரை வயதுக்குள் எட்டு தடவை அட்மிஷன். பிறந்தபோது எடுத்த காது டெஸ்டில் பாஸ், அந்தச் சீட்டை ஃபைலில் வைத்துக்கொண்டு "காது ஓகே" என்று இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த டெஸ்டுக்கு அப்புறம்தானே இத்தனை அமிக்காசின் ஆன்டிபயாடிக்கும், சிறுநீர் பிரிய வைக்கும் லாசிக்ஸும் ஏறியது? இந்த வகை ஆன்டிபயாடிக் உள்காதைப் பாதிக்கும், கூட லாசிக்ஸும் போனால் அபாயம் இன்னும் அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. உயிரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து, அதற்காக யாரிடமும் சண்டை போட முடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் "காது பரிசோதனை செய்யவும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்கு ஒரு வருஷம் மிச்சம்.

கூப்பிட்டால் திரும்புவாள், கதவைத் தட்டினால் பார்ப்பாள். அதனால் சந்தேகமே வரவில்லை. உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும்தான் போயிருந்தன, ச, ஸ, த மாதிரியானவை. இப்போது இரண்டு காதிலும் மெஷின், பேச்சு ஓடுகிறது.

பெரா எடுக்கச் சொல்லுங்கள், சத்தத்துக்குக் காது நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற டெஸ்ட். குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும். நாங்கள் முந்தின ராத்திரி 12 மணி வரை தூங்கவிடாமல், காலையில் 5 மணிக்கு எழுப்பி, பஸ்ஸில் கண் அயராமல் ஜன்னலுக்கு வெளியே மாடு காட்டிக்கொண்டே போனோம். அங்கே போய் ஒட்டுகிற பட்டையை நெற்றியில் வைத்ததும் முழித்துக்கொண்டாள். மறுவாரம் திரும்பவும். தூக்கத்துக்கு சிரப் கொடுப்பார்கள், உங்கள் பையன் இதயக் குழந்தை என்பதால் கொடுப்பதற்கு முன்னாலேயே கார்டியாலஜி ஃபைலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.


மாரியம்மாள்_பேத்தி எழுதியது:

ஏன் எல்லாரும் பயமுறுத்துறீங்க? என் அண்ணன் மகன் மூன்றரை வயது வரை ஊமை மாதிரி இருந்தான், இப்போது வாயை மூடச் சொல்லி டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார். வசம்பு நம் பாட்டி காலத்து வைத்தியம், பிள்ளை வளர்ப்பான் என்று சும்மாவா பேர் வைத்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் தோழி.


பேச்சுப்பயிற்சி_திருச்சி எழுதியது:

நான் 11 வருஷமாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். பார்க்காத குழந்தைக்கு இதுதான் பிரச்சினை என்று சொல்ல மாட்டேன், ஆனால் "பொறுங்கள்" என்பதை மட்டும் ஏற்க முடியாது. லேட்டாகப் பேசித் தானாகச் சரியாகிற பிள்ளைகள் நிறைய உண்டு. அப்படி ஆகிறவன் எவன், ஆகாதவன் எவன் என்று இரண்டு வயதில் பார்த்தவுடன் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். இரண்டு வயதில் சுமார் 50 சொல்லும், "பால் தா", "அப்பா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்தும் எதிர்பார்ப்போம். ஐந்து சொல் குறைவு. அதோடு, கைக்குழந்தையிலேயே இதய ஆபரேஷன் ஆனவர்களுக்கு வளர்ச்சியில் பின்தங்கும் வாய்ப்பு அதிகம், எல்லோரையும் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. இதயம் நன்றாக ஓடுவது ஒரு சேதி, பேச்சு வேறு சேதி.

தேனி அம்மா, உங்கள் ராத்திரிக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில். ஆக்சிஜன் குறைவாக இருந்ததும், பெரிய ஆபரேஷனும், ஐசியூ நாட்களும் மூளை வளர்ச்சியைத் தொடக்கூடியவைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இவனுக்கு எதனால் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது, யாருடைய தவறு என்று தேடுவதில் ஒரு சொல்லும் கூடப்போவதில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது டம்ளர். டம்ளரை ஸ்டெதஸ்கோப் ஆக்குவது சின்ன விஷயமில்லை. ஒரு பொருளை இன்னொன்றாக நினைக்கத் தெரிந்த மூளைதான் ஒரு சத்தத்தை ஒரு பொருளுக்குப் பேராக வைக்கும். விரல் நீட்டிக் காட்டுகிறானா, நீங்கள் கை காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

சிவகாசி அப்பா சொன்னதுதான் முதல் வேலை. உங்கள் மகனுக்கும் 9 நாள் வென்டிலேட்டர், கிருமித் தொற்று, நிச்சயம் ஊசி மருந்துகள். பிறந்தபோது எடுத்த ரிப்போர்ட் செல்லாது.

இரண்டாவது, குரல். அழும்போது கரகரப்பாக, அடைத்த மாதிரி இருக்கிறதா? தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? குரல்நாணுக்குப் போகிற நரம்பு இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது, ஆபரேஷனில் அதில் அடிபடுவது உண்டு. ஈஎன்டி டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, டிஓஎஃப் குழந்தைகளில் சிலருக்கு 22-ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் இருக்கும். அவர்களில் பலருக்கு உள்ளண்ணம் சரியாக மூடாது, பால் மூக்கு வழியாக வரும், பேச்சு மூக்கால் வரும், தாமதமாகவும் வரும். அந்த ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று ஃபைலில் பாருங்கள், எடுக்கவில்லை என்றால் கேளுங்கள்.

நாக்கை வெட்டும் பேச்சை விட்டுவிடுங்கள், நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சே வராமல் போகாது. வசம்பும் வேண்டாம் தோழி. அதில் இருக்கும் அசரோன் நல்ல சரக்கில்லை, அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். விசில் ஊதுவது, கன்னத்தைத் தேய்ப்பது என்று பயிற்சி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். விசில் ஊதினால் விசில் ஊத வரும், அவ்வளவுதான்.

வைகைக்கரை சொன்ன "அழ விடாதே" விஷயத்தை நான் இதயக் குழந்தைகள் எல்லார் வீட்டிலும் பார்க்கிறேன். இனி கொஞ்சம் அழுதால் பரவாயில்லையா என்று கார்டியாலஜி டாக்டரிடமே நேராகக் கேளுங்கள், மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் காதில் விழ வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகு, கொடுப்பதற்கு முன் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சும்மா இருங்கள். அவனிடமிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் "தண்ணி" என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பட்டினி போடக் கூடாது, அது பேச்சில்லை, தண்டனை. நண்டூருது நரியூருது விளையாடுவீர்கள் இல்லையா, விரல் முழங்கை வரை ஏறியதும் அங்கேயே நிறுத்துங்கள். அக்குளுக்குப் போகாதீர்கள். அடுத்தது வேண்டும் என்று அவன் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எக்கோ எடுக்க, நெபுலைசர் வைக்க என்று ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு ஃபோன் பழகிவிடும். 2 வயதுக்குமேல் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். என்னைக் கேட்டால் அதையும் நீங்கள் கூட உட்கார்ந்து பாருங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டெய்க் எங்கே என்று கேளுங்கள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள், காசு கிடையாது.


தேனி_அம்மா எழுதியது, 7 வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி, பதில் போட லேட்டாகிவிட்டது. பெரா மூன்றாவது தடவைதான் அமைந்தது, சிவகாசி அண்ணன் சொன்ன மாதிரியே இரண்டு தடவை பட்டை ஒட்டும்போது முழித்துக்கொண்டான். உள்காது நரம்பு நன்றாக இருக்கிறது, நடுக்காதில் இரண்டு பக்கமும் நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு வடியவில்லை என்றால் சின்னக் குழாய் வைக்கலாமாம். குரல்நாண் சரியாக அசைகிறது. குரோமோசோம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம், ரிசல்ட் வரவில்லை. செருப்பு எடுத்து வருகிறான், ஆனால் எப்போதும் என்னுடையதை மட்டும்.

டெய்க்கில் வாரம் ஒரு நாள் பயிற்சி. மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போனேன், "தாராளமா அழட்டும் பாட்டி" என்று அவர் வாயாலேயே சொன்னார். அன்றிலிருந்து மாமியாரும் ஐந்து எண்ணுகிறார். ஆனால் மனதுக்குள் எண்ணத் தெரியவில்லை. டம்ளரை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இவன் குடத்தைப் பார்த்து விரலை நீட்டி, தெளிவாக "ரெண்டு" என்றான். இப்போது தண்ணீருக்குப் பேரே ரெண்டு. பாலுக்கும் ரெண்டு.

திருச்சி மேடம், இதைச் சொல்லாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?


பேச்சுப்பயிற்சி_திருச்சி எழுதியது:

ஆறாவது சொல். எழுதி வையுங்கள். பாட்டியை மட்டும் இனி "தண்ணி, தண்ணி, தண்ணி" என்று எண்ணச் சொல்லுங்கள். காதில் நீர் வடிகிற வரைக்கும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுங்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்.