கோயில் மதிலைத் தொட்ட அலை

அன்புள்ள தரங்கம்பாடி உறவுகளுக்கு,

வணக்கம். பொங்கல் ஒன்றுகூடலில் நான் மாட்டிவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாசிலாமணி நாதர் கோயில் படம்தான் அது. நாற்பது ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் போகாத பெரியவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அலை மதில்மேல் ஏறிவிட்டதா? கோயில் நிற்குமா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடும் சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் மகள் இந்த மடல்களைப் படித்துக் காட்டுவார் என்று கேள்விப்பட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐயா, அந்த அலை மதில்மேல் ஏறவில்லை. நான் டேனிஷ் கோட்டையின் மதில்மேல் நின்று வடக்கே பார்த்து, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 300 மில்லிமீட்டர் டெலிஃபோட்டோ லென்சில் எடுத்த படம் அது. அலை உடைந்தது கோயிலைத் தாண்டி இன்னும் வடக்கே. படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரிகின்றன.

லென்சில் குற்றமில்லை. நாம் நிற்கும் தொலைவுதான் இதைச் செய்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு தூண்கள், ஒன்றின் பின்னால் ஒன்று, 30 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் தூணிலிருந்து 20 மீட்டரில் நின்றால், பின் தூண் 50 மீட்டரில் இருக்கிறது. முன்னது பின்னதைவிட இரண்டரை மடங்கு உயரமாகத் தெரியும். இடையில் இடம் இருக்கிறது என்று கண் உடனே புரிந்துகொள்ளும். 200 மீட்டருக்கு விலகிப்போனால் பின் தூண் இருப்பது 230 மீட்டரில். உயர வேறுபாடு ஒன்றுக்கு 1.15 ஆகச் சுருங்கிவிடும். அந்த 30 மீட்டர் எங்கே போனது என்று தெரியாது. டெலிஃபோட்டோ லென்ஸ் அந்தக் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் படம் முழுப் பொய்யும் இல்லை. 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதை நம் தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். கரையில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருப்பதும் அதனால்தான். கடல் நெருங்கியது உண்மை; எவ்வளவு நெருங்கியது என்பதை என் படத்தை வைத்து அளக்கக் கூடாது. படத்தின் கீழே நின்ற இடத்தையும் லென்சையும் எழுதி ஒட்டியிருந்தால் அந்தப் பெரியவருக்கு அந்த வேதனை வந்திருக்காது. எழுதாதது என் தவறு. இனி எழுதாமல் எந்தப் படத்தையும் மாட்ட மாட்டேன்.

அப்படியானால் ஏன் டெலிஃபோட்டோ என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். நம் ஊர்க் கட்டடங்களுக்கு அதுதான் பொருந்துகிறது என்பது என் எண்ணம். கிட்டே நின்று அகன்ற லென்சை மேல்நோக்கிச் சாய்த்தால் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் சுவர்கள் மேலே போகப் போகக் குவிந்து, கட்டடமே பின்னால் சாய்வதுபோல் ஆகிவிடும். தள்ளி நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால் சுவர் சுவராக நிற்கும். இன்னொன்று, வாகனங்கள், விளம்பரப் பலகைகள், மின்கம்பிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கொத்தனார் விரல் பதிந்த ஒரு வளைவை மட்டும் எடுக்க முடியும்.

கறுப்பு வெள்ளைக்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் சுவர்களுக்கு அடிக்கடி வண்ணம் மாறுகிறது. வண்ணப் படத்தில் பார்ப்பவர் முதலில் பெயின்டைத்தான் பார்க்கிறார். வண்ணத்தை எடுத்துவிட்டால் சுண்ணாம்புக் காரை, உப்புக் காற்று அரித்த செங்கல், தூணின் நிழல் எல்லாம் முன்னுக்கு வருகின்றன. 1620இல் எழுந்த கோட்டையின் உப்பிய காரையை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது என் சொந்தப் படத்தில்தான். சிறுவயதில் அந்தச் சுவரில் சாய்ந்து ஐஸ் தின்றிருக்கிறேன், அப்போது பார்த்ததில்லை.

எடுக்கப்போகிறவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள். வெள்ளைச் சுவரைக் கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும்; ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இருமடங்காகும்). நீல வானத்தைக் கறுக்கவைத்துச் சுவரை எடுப்பாகக் காட்ட சிவப்பு ஃபில்டர் உதவும். அது மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும், முக்காலி வேண்டியிருக்கும். மஞ்சள் ஃபில்டர் ஒரு ஸ்டாப்தான். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு அதுவே போதும். தூரத்து நீல மங்கலைச் சிவப்பு ஃபில்டர் குறைக்கும், ஆனால் கடலிலிருந்து வரும் ஈரப் புகைமூட்டத்தை எந்த ஃபில்டரும் கிழிக்காது. டிஜிட்டலில் எடுப்பவர்கள் ரா கோப்பை (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வண்ணத்திலேயே வைத்துக்கொண்டு பிறகு மாற்றலாம். 300 மில்லிமீட்டர் லென்சைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/300 வினாடியைவிட மெதுவாகப் போகவேண்டாம். கடற்கரைக் காற்றில் அதுவும் போதாது.

நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலை ஏழு மணிக்குக் கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் வெயில் வலப்பக்கமிருந்து குறுக்கே விழும். கல்லின் ஒவ்வொரு குழியும் தெரியும். பத்து மணிக்குப் போனால் கல் தட்டையாகிவிடும், காற்றும் வெப்பத்தில் நெளியத் தொடங்கும். டெலிஃபோட்டோவில் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகும். மாலையில் 1792இல் கட்டிய நகர வாசலில் நின்று கிழக்கே ராஜா வீதியைப் பாருங்கள். வெயில் முதுகில் இருக்கும். வீதியின் வீட்டு முகப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்ததுபோல் வரும். எனக்கு ஊரில் மிகப் பிடித்த காட்சி இது.

மீனவர் தெருவில் மட்டும் தயவுசெய்து தூரத்திலிருந்து எடுக்காதீர்கள். நீள லென்ஸ் அவர்கள் முற்றத்துக்குள் கேட்காமல் நுழைந்துவிடும். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என் லென்சைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட்டே போய் மன்னிப்புக் கேட்டு, எடுத்ததைக் காட்டினேன். "என்னை எதற்கு? அந்தத் திண்ணையை எடுங்கள். அடுத்த வாரம் இடிக்கப் போகிறோம்" என்றார். 2004 சுனாமிக்குத் தப்பிய திண்ணை. அந்தப் படத்தை 50 மில்லிமீட்டரில், பக்கத்தில் நின்று எடுத்தேன். அச்செடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் லென்ஸ் வாங்கப் பெரிய செலவு செய்ய வேண்டாம். பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய டெலிஃபோட்டோ லென்சுகள் கிடைக்கும். வாங்குமுன் கண்ணாடிக்குள் விளக்கடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டு ஈரப்பதத்தில் அது பரவும். ஈரம் உறிஞ்சும் பெட்டியில் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ஊரிலிருந்து திரும்பியதும் முன் கண்ணாடியை வறண்ட துணியால் துடைக்காதீர்கள். உப்புத்துகள் கோடு போட்டுவிடும். முதலில் ஊதி, பிறகு ஈரத் துணி.

பழகிப்பார்க்க தெலுக் ஆயர் தெருவுக்குப் போங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. கட்டியபோது அதன் முன்னால் கடல் இருந்தது. பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அங்கே நின்றால் அலைச் சத்தம்கூடக் கேட்காது. தெருவின் தள்ளிய முனையிலிருந்து 200 மில்லிமீட்டர் லென்சில் எடுத்தால் பின்னால் இருக்கும் அலுவலகக் கோபுரங்கள் மினாராவின் தோளில் வந்து விழும். அதே மினாராவைக் கிட்டே நின்று 35 மில்லிமீட்டரில் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே நான் தூண் கணக்கில் சொன்னது புரிந்துவிடும். என் மகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். தை, மாசியில் ஊருக்குப் போகிறவர்கள் கோட்டை மதிலின் வடகிழக்கு மூலையில் நின்று, வடக்கே கோயிலைப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கைப்பேசியானாலும் சரி. தேதி, நேரம், லென்ஸ் மூன்றையும் எழுதுங்கள். முடிந்தால் கோயிலின் கடற்பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் வரை நடந்து, எத்தனை காலடி என்று எண்ணி எழுதுங்கள். அலை ஏற்றமா இறக்கமா என்பதையும் பக்கத்து மீனவரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்திலிருந்து எடுத்தால்தான் அந்தப் பெரியவர் கேட்டதற்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

கோலாலம்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களைத் தேடுங்கள். 1980க்கு முன் கோயில் வாசலில் எடுத்த திருமணப் படமோ, மொட்டை போட்ட குழந்தை படமோ இருந்தால் போதும், பின்னால் மணல் எவ்வளவு தெரிகிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். வெளிச்சமான ஜன்னலருகே வைத்து, நேராக ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
பிடோக்கிலிருந்து உங்கள் ராஜா வீதிக்காரன்